அரைப்பேர்ப் புத்தகங்கள்

வாசலில் ஆறு படங்குகளை விரித்து, அவற்றின்மேல் புத்தகங்களைக் காயப்போட்டிருந்தார் மாஸ்டர். கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைக் குச்சி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுச் சாக்குதான் படங்கு. மற்ற லயத்து வாசல்களில் மிளகும் கோப்பிக்கொட்டையும் காய்ந்தன. இங்கே மட்டும் புத்தகம். ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூழாங்கல். அப்படியும் கச்சான் காற்று விடவில்லை. அட்டையைத் தூக்கி, நாலு பக்கத்தைச் சடசடவென்று புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போனது.

“பாருங்க தம்பி, நான் படிக்காததையெல்லாம் காத்து படிச்சிட்டுப் போகுது” என்றார்.

2024 ஆகஸ்ட் இரண்டாம் வாரம். கொழும்பிலிருந்து இரவு மெயிலில் ஏறி, காலையில் பதுளையில் இறங்கியிருந்தேன். மலைநாட்டு ரயில் பாதை முடிகிற இடம் பதுளை. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. 1924இல் பாதை இங்கே வந்து சேர்ந்தது, அதாவது நான் இறங்கிய வருஷம் அதற்குச் சரியாக நூறு. இந்தப் பாதையில்தான் தேயிலைப் பெட்டி கீழே போனது, அரிசி மூட்டையும் மனிதர்களும் மேலே வந்தார்கள். புத்தகமும் இந்த வழியாக வந்தது. கொழும்பு வாசகனுக்குப் புதன்கிழமை கிடைத்தது பதுளைக்காரனுக்கு வெள்ளியோ சனியோ கிடைக்கும். சில சமயம் வராமலும் போகும்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த அனெக்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. கட்டில், மேசை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒரு நடையில் போயிற்று. புத்தகத்துக்கு மட்டும் இருபத்திரண்டு அட்டைப் பெட்டி. பதினெட்டாவது பெட்டியைத் தோளில் வைத்தபடி லொறிக்காரப் பையன் கேட்டான்: “இவ்வளவும் வாசிச்சீங்களா அண்ணே?” ஆமா என்றேன். பச்சைப் பொய். பாதிகூட இல்லை. அந்த ஒரு சொல் உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது. அதன் பிறகுதான் பண்டாரவளை நண்பன் ஒருவன், ஹாலி-எலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், லயத்துக் காம்பராவில் ஆயிரத்துச் சொச்சம் புத்தகம் வைத்திருக்கிறார், அதில் பெரும்பகுதி படிக்காதது, அதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார் என்றான். வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிற ஒருவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தோட்டத்தின் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், மாஸ்டர் என்றே எழுதுகிறேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பதுளை டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணிக்கும் குறைவு. சந்தியில் இறங்கி த்ரீவீலில் ஏறினால், பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. தூரத்தில் நமுனுகுல மலை. ஊவாவுக்கு இது நல்ல காலம். ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி இறங்கும் இந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசனையைக் கொடுக்கிறது. கொழுந்து குறையும், வாசம் கூடும். புத்தகத்துக்கும் இதுவே நல்ல காலம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஐப்பசி பிறந்தால் தை வரை மழை. சுவர் வியர்க்கும், அட்டை வீங்கும், ஓரம் பச்சை பிடிக்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை, காற்று வீசும் மூன்று வாரத்தில், அத்தனை புத்தகமும் வெளியே வந்து வெயில் பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். நாள் ஒன்றுக்கு அறுபது எழுபது. நான் போனது ஒன்பதாம் நாள்.

லயத்து வீடு எப்படி இருக்கும் என்று மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக ஒரு வரி: பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் கூட்டிக்கட்டிய குசினி. மாஸ்டரின் வீடு இரண்டு காம்பராவை ஒன்றாக்கியது. அதில் மாஸ்டர், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். மீதி இடம் புத்தகத்துக்கு.

அலமாரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒன்றுகூட இல்லை. இருந்தவை தேயிலைப் பெட்டிகள். இப்போது தூளைக் கடதாசிச் சாக்கில் அனுப்புகிறார்கள். அந்தக் காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டி, விளிம்பில் தகரப் பட்டி, உள்ளே ஈயம்போல மினுங்கும் தாள். ஸ்டோரிலிருந்து உடைசல் என்று கழித்துப் போட்டவற்றை நாற்பது வருஷத்துக்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறார். தூளுக்குள் ஈரம் ஏறாமல் லண்டன் வரை கொண்டுபோன பெட்டி, புத்தகத்தைக் காக்காதா என்பது அவர் கணக்கு. பத்தொன்பது பெட்டி. ஒவ்வொன்றிலும் சீலைத்துணியில் முடிந்த தேத்தூள் பொட்டலம் ஒன்று, வசம்புத் துண்டு இரண்டு. தூள் ஈரத்தை உறிஞ்சும், வசம்பு இராமபாணப் பூச்சியை அண்டவிடாது. திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், பழைய கடதாசியும் தேயிலையும் மருந்துக்கடையும் சேர்ந்த மாதிரி. எந்த நூலகத்திலும் அது எனக்குக் கிடைத்ததில்லை.

சாயத்தண்ணி வந்தது. மருமகள் கொண்டுவந்தார். காலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அரைநாளோடு வந்திருந்தார். “அண்ணே, சீனி போடல, சர்க்கரைத் துண்டு கடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பேச்சில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்பது அந்த உட்காருதலில் தெரிந்தது.

அப்போதுதான் மாஸ்டர் அந்தக் கொப்பியை எடுத்துவந்தார். நீளவாக்கில் கோடு போட்ட, கெட்டி அட்டைப் பேரேடு. அட்டையில் பெரிய எழுத்தில்: செக்ரோல்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயர் பதிவார். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுப்பேர். அந்த நிறை தோட்டத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும், பதினாறோ பதினெட்டோ கிலோ. அதற்குக் குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். மேலதிகமாகவோ ஞாயிற்றுக்கிழமையோ எடுத்தால் கைக்காசு. ஒரு மனிதரின் ஒரு நாளுக்கு இந்த மூன்று சொல்லுக்குள்தான் மதிப்பு. நூற்றாண்டு தாண்டி இந்தக் கணக்கு ஓடுகிறது.

மாஸ்டர் அதைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இடப்பக்கம் நூலின் பெயர், வந்த தேதி, வந்த வழி. வலப்பக்கம் ‘மு’, ‘அ’, அல்லது வெறுமை. துப்பறியும் நாவல்களுக்கு ‘மு’வுக்குப் பக்கத்தில் சின்னதாகக் ‘கை’ என்று இருந்தது. கேட்டால் சிரித்தார். “அது ஞாயித்துக்கிழமைக் கைக்காசு தம்பி. கணக்குல சேராம இருக்குமா?”

கடைசிப் பக்கத்தில் கூட்டல்: மொத்தம் 1,312. முழுப்பேர் 418. அரைப்பேர் 307. பேர் விழாதது 587.

என் கை தானாகத் தாடையைத் தடவியது. என்னிடம் இப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் லொறிக்காரப் பையனிடம் என்ன சொல்லியிருப்பேன்? இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் உம்பர்த்தோ எக்கோவைக் கூப்பிடுவார்கள். இத்தாலிய எழுத்தாளர், வீட்டில் முப்பதாயிரம் புத்தகம், படிக்காத புத்தகம்தான் படித்ததைவிட உயர்ந்தது என்று அவரை வைத்து ஒரு தத்துவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்கோ வீட்டு இஸ்தோப்பில் சாரல் அடிக்கவில்லை, அவருடைய பேரப்பிள்ளை புத்தகப் பெட்டியின்மேல் படுத்துத் தூங்கவும் இல்லை. இடம் நிறைய இருப்பவனின் ஆறுதல் அது. இங்கே கேள்வி வேறு. இடமும் இல்லை, நேரமும் இல்லை, காசும் இல்லை. பிறகு ஏன் வாங்கினார்?

மாஸ்டர் பிறந்தது 1950. அப்பா கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்துக்காரி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கு ஒரே வாத்தியார். வீட்டில் இருந்த அச்சடித்த தாள் பஞ்சாங்கம் மட்டும். பதுளை டவுனில் ஒரு சலூனில் கிடந்த ‘கல்கி’, ‘ஆனந்த விகடன்’ பழைய இதழ்களை, முடி வெட்டாமலேயே உட்கார்ந்து வாசிக்க விட்டிருக்கிறார்கள். அவர் தோட்டப் பள்ளியில் சம்பளம் வாங்கத் தொடங்கிய நேரம், 1970களின் தொடக்கம், இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்திவிட்டது. சலூன் மேசை காலியாயிற்று.

“கையில காசு வந்துச்சு, வாங்கப் புத்தகம் இல்ல. அந்த மூணு நாலு வருசந்தான் என்னைக் கெடுத்துப் போட்டுச்சு” என்றார். “அதுக்கப்புறம் கண்ணுல பட்டத வாங்காம வர முடியல. இன்னைக்கி விட்டா நாளைக்கி இருக்காதுங்கற பயம்.”

அந்தக் கட்டுப்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளூரில் எழுத்துக்கு இடம் கிடைத்தது. வீரகேசரி நிறுவனம் மலிவு விலை நாவல் வரிசையைக் கொண்டுவந்தது அந்தப் பத்தாண்டில்தான். அந்த வரிசையில் வந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ பெட்டி மூன்றில் இருக்கிறது. அட்டை மூன்று முறை மாற்றப்பட்டது. ஜோசப் இந்த ஊவாக்காரர், 1934இல் ஹாலி-எலைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள், 2022இல் காலமானார். கொப்பியில் அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்புக்கு எதிரே ஒரு ‘மு’ அல்ல, பதினொரு ‘மு’. வரிசையாகப் பதினொன்று.

அது எப்படி என்று கேட்பதற்கு முன்னால் பெட்டிகளைப் பார்த்துவிடுவோம் என்றார். பார்த்தோம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை.

பெட்டி ஐந்தும் ஆறும் மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள். கெட்டி அட்டை, தடித்த தாள், தேத்தண்ணிக் கடைக் காசுக்கு விலை. மலையகத்தில் தொழிற்சங்கம் பக்கம் ஒதுங்கிய ஒவ்வொரு இளைஞன் வீட்டிலும் ஒன்றிரண்டாவது இருந்திருக்கும். நாவல்களுக்கு ‘மு’ விழுந்திருக்கிறது. லெனின் வரிசைக்கு எதிரே மேலிருந்து கீழ்வரை வெறுமை. ஒரு தொகுதியைப் பிரித்தேன். முதுகு பட்டென்று சத்தமிட்டது, முதல் முறை திறக்கப்படும் புத்தகத்தின் சத்தம். நாற்பது வருஷம் கழித்தும் பசை விடவில்லை. “கட்சிக் கூட்டத்துல எல்லாரும் படிச்சதா தலையாட்டினோம் தம்பி. யாரும் படிக்கல. பேசினவரும் படிக்கல” என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பெட்டி எட்டில் ‘கல்கி’யிலிருந்து கிழித்துத் தைத்த ‘பொன்னியின் செல்வன்’. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாம் பாகம் இல்லை. அரைப்பேர். “மூணாம் பாகம் கூடலூர்ல இருக்கு” என்றார், யாரோ பக்கத்து வீட்டில் இருப்பதைச் சொல்வதுபோல. புதுப் பதிப்பு முழுதாக இன்னொரு பெட்டியில் இருக்கிறது, அதற்கு ‘மு’ உண்டு. ஆனாலும் இந்த அரைப்பேரை அவர் திருத்தவில்லை.

கூடலூர் என்றதும் நான் நிமிர்ந்ததைக் கவனித்தவர், ஏழாம் பெட்டிக்குக் கூட்டிப்போனார். அதை மட்டும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே 64 புத்தகம். ஒன்பது குடும்பத்துடையவை.

1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று கணக்கு. கொழுந்து நிறுத்த மாதிரி மனிதரை நிறுத்த ஒப்பந்தம். அதன்படி பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் கடல் தாண்டி, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு தகரப் பெட்டிக்குள் குடும்பம் அடங்க வேண்டும். சட்டி பானை, துணிமணி, சாமிப் படம். புத்தகத்துக்கு இடம் எங்கே?

“வாத்தியார் தம்பிக்கிட்ட இருக்கட்டும், ஒரு நாளைக்கி வந்து எடுத்துக்கறோம்னு குடுத்துட்டுப் போனாங்க” என்றார். “அடுத்தவங்க பொருளு. நான் அதத் தொறந்து படிக்கிறது சரியில்லன்னு வச்சுட்டேன். அம்பது வருசமாச்சி.”

வருஷத்துக்கு ஒரு தரம் வெயிலில் போடுவார், தூசு தட்டுவார், திரும்பக் கட்டுவார். முதல் பக்கத்தில் பெயர், பிரிவின் பெயர், லயத்து இலக்கம். ஒன்றில் பச்சை மையில் ஒரு குழந்தையின் கையெழுத்துப் பயிற்சி. பேர் விழாத 587இல் இந்த 64உம் சேர்த்தி. படிக்க நேரமில்லாமல் கிடக்கும் புத்தகம் எனக்குத் தெரியும், படிக்க மனமில்லாமல் கிடப்பதும் தெரியும். மரியாதைக்காகப் படிக்காமல் விட்ட புத்தகத்தை நான் பார்த்தது அன்றுதான்.

அவருடைய சொந்தச் சேகரம் ஒன்றும் ஒரு காலத்தில் வேறு இடத்தில் இருந்தது. டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார், இருநூறு புத்தகம் அங்கே இருந்தது. 1983 ஜூலை 27இல், இனக்கலவரத்தில், பதுளை டவுனில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த அறையும். அவர் அன்று தோட்டத்தில் இருந்தார், பிழைத்தார். தோட்டத்து லயத்தில் இருந்ததால் ஏழாம் பெட்டியும் பிழைத்தது. இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார், நானும் தோண்டவில்லை. ஆனால் அதன் பிறகு முக்கியம் என்று நினைத்த நூல்களை இரண்டு பிரதி வாங்கத் தொடங்கியிருக்கிறார். ஒன்று இங்கே, ஒன்று பசறையில் தங்கை வீட்டில். 1997இல் துரைவி பதிப்பகம் கொண்டுவந்த ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ தொகுப்புகள் இரண்டிரண்டு. ஒருவர் தன் வாசிப்புக்கு மேல் ஏன் புத்தகம் வைத்திருக்கிறார் என்று கேட்டால், எரிந்ததைப் பார்த்தவர் என்பதும் ஒரு பதில்.

இதற்குள் படியில் இருந்த மருமகள் பேசினார். “நான் ஒண்ணு சொல்லவா அண்ணே? இந்த மூணு பெட்டி இருக்கிற எடத்துல ஒரு கட்டில் போடலாம். சின்னவன் பாய்ல படுத்துத்தான் சளி புடிச்சுக் கெடக்கான்.”

“சொல்லு புள்ள, தம்பி எழுதட்டும்” என்றார் மாஸ்டர், கோபமில்லாமல்.

“இந்தியாப் புத்தகம் ஒண்ணு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு. எனக்கு ஒரு நாள் பேரு ஆயிரம் ரூவா. ஆயிரத்து எழுநூறுன்னாங்க, அது கோர்ட்டுல நிக்குது. மாமா தன்னோட பென்சன்லதான் வாங்குறாரு, நான் கொறை சொல்லல. ஆனா கணக்குன்னு பார்த்தா அதுதானே கணக்கு?”

அதுதான் கணக்கு. நான் தலையாட்டினேன். இந்தியாவில் முந்நூறு ரூபாய் போட்ட புத்தகம் இங்கே வந்து சேரும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடும். 2022 நெருக்கடியில் கடதாசியே இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் பரீட்சையை ஒத்திவைத்த நாடு இது. புத்தகம் வாங்குவது சேமிப்பா செலவா என்று கொழும்பு வீட்டில் இருந்துகொண்டு நான் யோசிக்கலாம். அவரால் முடியாது.

நீங்கள் வாசிப்பீர்களா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய், சாமி மாடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாவல் ஒன்று. 41ஆம் பக்கத்தில் அடையாளமாக ஒரு கொழுந்துத் துண்டு, நிறை எழுதிக் கொடுக்கும் சின்னச் சீட்டு. “பெரியவன் வயித்துல இருக்கறப்போ எடுத்தது. இப்ப அவனுக்கு ஒம்பது வயசு.”

காலை நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், மூன்று நிறுவை முடித்து, அந்திக் கொழுந்து கொடுத்துவிட்டு வீடு வரும்போது ஆறு. பிறகு விறகு, தண்ணீர், சோறு. 41ஆம் பக்கத்தில் ஒன்பது வருஷம் நிற்பதற்குச் சரியான காரணம் அது. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது, அதைக் கைப்பேசி தின்கிறது. நேரமில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்கிறோம். அவர் சொன்னால் உண்மை.

இனி அந்தப் பதினொரு ‘மு’. “418 புத்தகம் படிச்சிருக்கீங்களே மாஸ்டர், அதுவே பெரிசுதான்” என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லப்போக, அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய வகுப்பறை தெரிந்தது.

“நான் 418 படிச்சேன்னு யாரு சொன்னா? செக்ரோல்ல யாரோட பேரு போடுவாங்க? தொரையோட பேரா? வேலைக்குப் போற ஆளோட பேருதானே. இது புத்தகத்தோட செக்ரோல். புத்தகம் வேலைக்குப் போச்சான்னுதான் கணக்கு. நான் படிச்சாலும் பேரு, நீங்க வாங்கிட்டுப் போய்ப் படிச்சாலும் பேரு. பாதி படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தா அரைப்பேரு.”

நான் ஒரு மணி நேரமாகக் கொப்பியைத் தலைகீழாக வாசித்திருக்கிறேன். ‘நாமிருக்கும் நாடே’ பதினொரு பேரிடம் வேலைக்குப் போய்வந்த ஆள். புத்தகங்களுக்கு வாசகர் கிடைப்பதுதான் நூலகத்தின் வேலை என்று சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் தன் ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்தார். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து அவர் கண்ட விதியை மாஸ்டர் பெரட்டுக் களத்திலிருந்து கண்டிருக்கிறார். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையாவும் நினைவுக்கு வந்தார். வாழ்நாள் எல்லாம் சேர்த்த பல்லாயிரம் நூல்களை அவர் ஒருவர் வாசித்திருக்க முடியாது. 1992இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் கைகொடுக்க, 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. அவர் வாசிக்காததை இன்றைக்கும் யாரோ வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். செக்ரோல் அவர் பக்கமும் ஓடுகிறது.

ஆனால் மாஸ்டரின் கொப்பியில் ஒரு குறை தெரிந்தது, சொல்லாமல் விட முடியவில்லை. கடைசிப் பத்து வருஷத்தில் ‘மு’ மிகக் குறைவு. 2016க்குப் பிறகு இரவல் போனது விரல்விட்டு எண்ணும் அளவு. வாங்கியது மட்டும் குறையவில்லை. கேட்டேன். பிள்ளைகள் வருவதில்லை என்றார், வருகிறவர்களுக்கு வினாத்தாள் வேண்டும், நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது, போனில் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். நல்லதுதானே என்றும் சொன்னார். அதற்குமேல் கொஞ்சம் நேரம் பேசவில்லை. ஆள் வராத களத்தில் புதுப்புதுப் பேர் பதிந்துகொண்டே போகும் கணக்கப்பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு. அவர் வாங்குவதை இப்போது நிறுத்தலாம். என் கருத்து அது. அவரிடமும் சொன்னேன்.

“கணக்குப் பார்த்தேன் தம்பி” என்றார். “வயசு எழுபத்தி நாலு. ஒரு கண்ணு ஆப்பரேசன் பண்ணினது. மாசம் ரெண்டு புத்தகம் ஓடுது. 587க்கு இருபத்தி நாலு வருசம். தொண்ணூத்தெட்டு வரைக்கும் எனக்கு வேலை இருக்கு. வேலை இருக்கறவன எப்படிக் கூட்டிட்டுப் போவான்?”

மருமகள் முதல் முறையாகச் சிரித்தார்.

போகும் நேரம் இன்னொன்று கவனித்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு தோள்பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மாத்திரை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, பதுளை மாவட்டத்தில் சரிவுப் பக்கம் இருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு பை தொங்குகிறது. மழை எச்சரிக்கை வந்தால் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும். பத்தொன்பது பெட்டியை யாரும் தூக்க முடியாது. அதனால் பையில் ஒரே ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறார், கொப்பியின் அளவுக்கு.

நான் இரண்டு புத்தகம் இரவல் கேட்டேன். ஒன்று லெனின் வரிசையில் அந்த முதுகு சத்தமிட்ட தொகுதி, நான் திறந்த பாவத்துக்கு. இன்னொன்று மாஸ்டரே எடுத்துக் கொடுத்தது. செக்ரோலில் என் பெயரையும் தேதியையும் எழுதி, ‘மு’ போடும் கட்டத்தை விட்டு வைத்தார். மூன்று மாதம் தவணை. ஆறு படங்கிலும் இருந்ததைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்க நானும் கை கொடுத்தேன், கூழாங்கல்லை மருமகள் ஒரு பேணியில் சேர்த்தார்.

கொழும்பு திரும்பி, நானும் ஒரு கொப்பி வாங்கினேன். என் வீட்டில் 931. முழுப்பேர் 377. இரவல் வாங்கிய இரண்டில் ஒன்று முடிந்துவிட்டது, லெனின் இன்னும் அரைப்பேர்.

கடைசியாக ஒன்று. 1970களில் பதுளை, ஹாலி-எலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்குப் போன குடும்பத்தார், அல்லது அவர்கள் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், ஊரில் ஒரு இளம் வாத்தியாரிடம் புத்தகம் கொடுத்துவிட்டு வந்ததாக வீட்டில் பேச்சு உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஏழாம் பெட்டி அப்படியே இருக்கிறது, 64உம் பத்திரம். ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகம் உங்களிடம் இருந்தால், வரும்போது கொண்டுவாருங்கள்.